தென் தமிழகச் சீர்திருத்தக் கிறித்தவத்தில் வேதாகமப் பெண்களின் அருளுரைப் பணி

ஆய்வுச்சுருக்கம்

தமிழகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் வரலாறு பெரும்பாலும் திருநிலை பெற்ற ஆண் குருக்களின் வரிசையாகவே எழுதப்பட்டுள்ளது. பிரசங்கபீடத்தில் நின்று பேசியவரே அருளுரையாளர் என்னும் அளவுகோல் அவ்வரலாற்றின் அடியில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலி, மதுரை, தென் திருவிதாங்கூர் ஆகிய பகுதிகளில் வீடுவீடாகச் சென்று மறைநூலை வாசித்தும் விளக்கியும் பாடியும் கற்பித்த வேதாகமப் பெண்கள் இவ்வளவுகோலுக்குள் அடங்குவதில்லை. அவர்கள் செய்தது அருளுரைப் பணியே என்பதையும், அப்பெயர் அவர்களுக்கு மறுக்கப்பட்டதன் விளைவுகள் ஆவணப் பதிவிலும் திருச்சபை அமைப்பிலும் நீடித்தன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வேதாகமப் பெண்கள், ஊழியம், அருளுரை, திருநெல்வேலித் திருச்சபை, குளோரிந்தா, பொன்னம்மாள், திருநிலைப்பாடு.

முன்னுரை

1706ஆம் ஆண்டு பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளூட்சௌவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியதைத் தமிழகச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தொடக்கமாகக் கொள்வது மரபு. அதன்பின் வரும் வரலாறு சுவார்ச்சு, இரேனியசு, கால்டுவெல் எனப் பெயர்களால் நகர்கிறது. உள்நாட்டுப் பணியாளர்களைப் பற்றிப் பேசும் நூல்களும் உபதேசியார், குருவானவர் என்னும் ஆண் பணிநிலைகளையே முதன்மைப்படுத்துகின்றன. பெண்கள் இவ்வரலாற்றில் மிஷனெரியின் மனைவியராக, பள்ளித் தலைவியராக, மனமாற்றம் பெற்றவராக இடம்பெறுகின்றனர். பேசியவராக இடம்பெறுவது அரிது.

ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு தென்தமிழ்நாட்டுச் சிற்றூரில் கிறித்தவ மறைநூலின் ஒரு பகுதியை முதன்முதலாகக் கேட்ட பெண் அதனை ஒரு குருவின் வாயிலாகக் கேட்டிருக்க வாய்ப்புக் குறைவு. அவள் வீட்டுத் திண்ணைக்கு வந்த மற்றொரு தமிழ்ப் பெண்ணின் வாயிலாகவே அதைக் கேட்டிருப்பாள். ஆங்கில அறிக்கைகளில் 'பைபிள் உமன்' எனப்பட்ட அப்பணியாளர்கள் இக்கட்டுரையில் வேதாகமப் பெண்கள் எனச் சுட்டப்பெறுகின்றனர். அவர்கள் செய்தது அருளுரையா, அன்றி அதற்குத் துணையான வேறொரு பணியா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இவ்வினா வெறும் சொல் பற்றியதன்று. ஒரு செயலுக்கு எப்பெயர் இடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதற்குரிய பயிற்சியும் ஊதியமும் மதிப்பும் பதிவும் அமைகின்றன.

மறைநூற் சான்றும் தமிழ்ச் சொல்லாட்சியும்

பெண்கள் திருச்சபையில் பேசலாகாது என்போர் வழக்கமாகக் காட்டும் பகுதிகள் இரண்டு. ஒன்று 1 கொரிந்தியர் 14:34, மற்றொன்று 1 தீமோத்தேயு 2:12. முன்னது சபையில் பெண்கள் பேசாதிருக்கக் கூறுகிறது. பின்னது பெண் உபதேசம்பண்ணுவதை மறுக்கிறது. ஆனால் அதே கொரிந்தியர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம், பெண்கள் சபையில் செபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடைமுறையில் உள்ளதொன்றாகவே ஏற்று, அவ்வேளையில் தலையை மூடிக்கொள்வது பற்றி மட்டும் நெறி வகுக்கிறது. ஒரே ஆசிரியர் ஒரே சபைக்கு எழுதிய ஒரே நிருபத்தில் இவ்விரண்டும் உள்ளமையால், மௌனம் பற்றிய கூற்றை எல்லாச் சூழலுக்கும் உரிய பொதுவிதியாகக் கொள்வதில் இடர்ப்பாடு உண்டு.

இதனோடு நான்கு சான்றுகளை இணைத்து நோக்குதல் வேண்டும். யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுதற் செய்தியைச் சீடரிடம் முதலில் கொண்டுசென்றவள் மகதலேனா மரியாள். அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் சொல்வன்மை மிக்க அப்பொல்லோவுக்கு மறைநெறியைத் திருத்தமாக விளக்கியவருள் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி. அதே நூலின் 21ஆம் அதிகாரத்தில் பிலிப்புவின் நான்கு மகள்கள் தீர்க்கதரிசனம் உரைப்பவராகக் குறிக்கப்படுகின்றனர். ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், யூனியா, திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் எனப் பெண்களின் பெயர்கள் தொடர்ந்து வருகின்றன.

இவற்றுள் பெபேயாளைப் பற்றிய சொல் தமிழாய்வுக்குத் தனிக் கவனம் உரியது. கிரேக்க மூலத்தில் அவளுக்கு வழங்கும் 'தியாக்கொனோஸ்' என்னும் சொல்லை 1871ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் 'ஊழியக்காரி' எனத் தருகிறது. பவுல் தம்மைக் குறிக்க இதே கிரேக்கச் சொல்லை ஆளுமிடங்களிலும் அத்திருப்புதலில் 'ஊழியக்காரன்' என்னும் சொல்லே நிற்கிறது. ஆனால் பிலிப்பியர் 1:1, 1 தீமோத்தேயு 3:8 ஆகிய இடங்களில், திருச்சபையின் முறையான பணிநிலை ஒன்றைச் சுட்டுவதாகக் கருதப்பட்டபோது, அதே சொல் 'உதவிக்காரர்' என மாறுகிறது. ஆக, தமிழ் வாசகருக்குப் பெபேயாள் பவுலோடு ஒரு சொல்லைப் பகிர்கிறாள். சபையின் பணிநிலையினரோடு பகிர்வதில்லை. பணியில் சமம், பதவியில் விலக்கு என்னும் நிலை மொழிபெயர்ப்பிலேயே அமைந்துவிட்டதைக் காண்கிறோம். மொழிபெயர்ப்பாளர் இதனை உள்நோக்கத்தோடு செய்தனர் எனக் கூற இடமில்லை. ஆனால் வேதாகமப் பெண்களின் நிலையும் பின்னாளில் இவ்வாறே அமைந்தது என்பது கருதத்தக்கது.

'ஊழியம்' என்னும் சொல்லின் சமூக வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. திருவிதாங்கூர்ப் பகுதியில் இச்சொல் அரசுக்கும் கோயிலுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினர் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்த கட்டாய உழைப்பைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனெரிகள் தம் சபையாரை இக்கட்டாய ஊழியத்தினின்று விடுவிக்க முயன்றனர். அதே சொல் தமிழ் மறைநூல் வழியாக இறைப்பணியைக் குறிக்கும் உயர்சொல்லாகவும் வழங்கியது. கட்டாய ஊழியத்தை அறிந்த குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலரேனும் 'ஊழியக்காரி' என்னும் பெயரைத் தாமே விரும்பி ஏற்றிருத்தல் கூடும். அவர்களுக்கு அச்சொல் எளிய சொல்லாக இருந்திருக்க இயலாது.

அமைப்புக்கு முந்திய பெண்: குளோரிந்தா

திருநெல்வேலித் திருச்சபையின் தோற்றத்தில் ஒரு பெண் நிற்கிறாள். பாளையங்கோட்டையில் வாழ்ந்த மராத்திய பிராமணக் கைம்பெண்ணான அவள், லிட்டில்டன் என்னும் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்து, அவர்வழியே கிறித்தவ நெறியை அறிந்தாள். அவ்வுறவு திருமணம் ஆகாமையால் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ச்சு அவளுக்குத் திருமுழுக்கு அளிக்க முதலில் மறுத்தார். அதிகாரி இறந்த பின்னர், 1778ஆம் ஆண்டில் அவள் சுவார்ச்சிடம் திருமுழுக்குப் பெற்றுக் குளோரிந்தா எனப் பெயர்கொண்டாள்.

1780ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் உள்ளனர். அப்பட்டியலின் தலைப்பில் இருப்பவள் குளோரிந்தா. இராபர்ட்டு கால்டுவெல் 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட திருநெல்வேலி மிஷனின் தொடக்க வரலாறு பற்றிய நூல் இச்செய்திகளைத் தொகுத்துத் தருகிறது. அவள் தஞ்சை சென்று தம் ஊர்ச் சபைக்கு ஓர் உபதேசியாரை அனுப்புமாறு வேண்டினாள். 1785ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் எழுந்த ஆலயம் அவள் முயற்சியால் அமைந்தது. மக்கள் அதனைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே வழங்கினர். பின்னர் அங்கு அனுப்பப்பட்ட சத்தியநாதன் 1790ஆம் ஆண்டில் குருவாகத் திருநிலை பெற்றார்.

இந்நிகழ்வுகளின் வரிசையில் ஓர் அமைப்பொழுங்கு புலனாகிறது. சபையைக் கூட்டியவள் பெண். இடமும் பொருளும் தந்தவள் பெண். ஆனால் சபை முறையாக இயங்கத் தொடங்கியதும் உரைக்கும் பொறுப்பு ஆண் உபதேசியாரிடமும் பின்னர்க் குருவிடமும் சென்றது. குளோரிந்தாவே உபதேசியாரைக் கேட்டுப் பெற்றமையால் இதனை வெளியிலிருந்து திணிக்கப்பட்டது எனக் கொள்ளல் பொருந்தாது. உரைக்கும் உரிமை பதவியைச் சார்ந்தது, பதவி ஆணுக்குரியது என்னும் எண்ணம் அவளுக்கும் இயல்பாகவே இருந்திருக்கும். வரலாற்று நூல்கள் அவளைக் கொடையாளியாகவும் மனந்திரும்பியவளாகவும் போற்றின. அ. மாதவையா 1915ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்றுப் புதினம் அவளைக் கதைத்தலைவியாக்கியது. ஆனால் ஒரு சபையின் முதல் நற்செய்திப் பணியாளர் என்னும் நிலையில் அவளை வைத்து எழுதுதல் அரிதாகவே நிகழ்ந்துள்ளது.

வேதாகமப் பெண் என்னும் பணிநிலை

1857ஆம் ஆண்டில் எல்லன் இரான்யார்டு என்பார் இலண்டனின் ஏழ்மை மிக்க பகுதிகளில் மறைநூலை விற்கவும் வாசித்துக்காட்டவும் அப்பகுதியைச் சேர்ந்த உழைக்கும் பெண்களையே பணியமர்த்தினார். உயர்குடிப் பெண்ணால் நுழைய இயலாத வீட்டில் அவ்வீட்டாரைப் போன்ற ஒரு பெண் நுழைய இயலும் என்பதே இதன் அடிப்படை. இம்முறை விரைவில் காலனிய நாடுகளுக்கும் பரவியது.

இந்தியாவில் இதற்கு மற்றொரு தேவையும் இருந்தது. ஆண் மிஷனெரியும் ஆண் உபதேசியாரும் பல வீடுகளின் உட்பகுதிக்குள் செல்ல இயலவில்லை. வட இந்திய அந்தப்புரங்களை எண்ணி வகுக்கப்பட்ட 'சேனானா' பணி தமிழகத்துக்கு அப்படியே பொருந்தவில்லை எனினும், உயர்சாதி வீடுகளில் பெண்களின் நடமாட்டக் கட்டுப்பாடு இங்கும் இருந்தது. மேலை நாடுகளில் பெண்களே பொருள் திரட்டிப் பெண்களுக்காகப் பணியாற்றும் சங்கங்கள் தோன்றின. 1868ஆம் ஆண்டில் பாசுடனில் தொடங்கிய பெண்கள் மிஷன் சங்கமும், 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபை சார்ந்து உருவான சேனானா மிஷனெரிச் சங்கமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவை தமிழ் வேதாகமப் பெண்களின் ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் வழிசெய்தன.

பயிற்சிக்கு முன் எழுத்தறிவு வேண்டும். அதற்கான அடித்தளத்தைப் பெண்பள்ளிகள் இட்டிருந்தன. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட்டு நடத்திய உறைவிடப் பள்ளியில் எழுத்தோடு ரேந்தைப் பின்னலும் கற்பிக்கப்பட்டது. அவர் மகள் எலைசா, இராபர்ட்டு கால்டுவெல்லை மணந்து இடையன்குடியில் அதே முறையைத் தொடர்ந்தார். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரில் எழுந்த கல்வி நிறுவனம் ஆசிரியைகளை உருவாக்கியது. மதுரை அமெரிக்கன் மிஷனில் ஈவா சுவிஃப்டு 1892ஆம் ஆண்டில் வேதாகமப் பெண்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். லூசி பெரி நோபிள் பெயரால் அமைந்த அப்பள்ளி, இப்பணி தற்செயலான உதவி என்னும் நிலையினின்று பயின்று செய்யும் தொழில் என்னும் நிலைக்கு வந்தமைக்குச் சான்று.

இப்பணிக்கு வந்தோருள் கைம்பெண்களும் உபதேசியாரின் மனைவியரும் நடுவயது கடந்தோரும் மிகுதி. இளம்பெண் தனித்து ஊர்விட்டு ஊர் செல்வது ஏற்கப்படாத சமூகத்தில் நடமாடும் உரிமை பெரும்பாலும் இவர்களுக்கே இருந்தது. கைம்மையால் குடும்பத்துள் மதிப்பிழந்த ஒருத்தி, அக்கைம்மை தந்த நடமாட்டத்தாலேயே ஊரறிந்த போதகியாக முடிந்தது. எலைசா கெண்ட் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுநூல், காலனியத் தென்னிந்தியாவில் கிறித்தவப் பெண்களின் மதிப்புடைமை எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதை விரிவாக ஆராய்கிறது. வீதியில் நடக்கும் பெண் தன் மதிப்பை இழக்காமல் இருப்பதற்கு உடை, நடை, துணை ஆகியவற்றில் எத்துணைக் கவனம் வேண்டியிருந்தது என்பதை அவ்வாய்வு வழியே உணரலாம்.

உரைக்கும் முறையும் இடமும்

வேதாகமப் பெண்ணின் பணிநாள் பெரும்பாலும் வீடுகளின் வரிசையாக அமைந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மறைநூலின் ஒரு பகுதியை வாசித்தல், அதனை எளிய சொற்களில் விளக்குதல், ஒரு பாட்டைப் பாடிக் கற்பித்தல், படிக்க விரும்புவோருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தல், செபித்தல் என்பவை அதன் கூறுகள். சென்ற வீடுகளையும் கற்போரையும் கணக்கிட்டு, குறித்த நாளில் பொறுப்பிலிருந்த மிஷனெரிப் பெண்ணிடம் ஒப்புவித்தல் கடமை.

இப்பணியைக் குருவின் அருளுரையோடு ஒப்பிட்டால் மூன்று வேறுபாடுகள் தெளிவாகின்றன.

முதலாவது, இடம். குருவுக்குப் பிரசங்கபீடம், வேதாகமப் பெண்ணுக்குத் திண்ணை, முற்றம், கிணற்றடி. பீடத்தில் நிற்பவருக்கு இடமே அதிகாரம் தருகிறது. திண்ணையில் அமர்பவள் அவ்வீட்டாரின் விருப்பத்துக்கு உட்பட்டவள். எந்நேரமும் எழுந்து போகச் சொல்லப்படலாம். ஆகவே கேட்போரைக் கட்டி நிறுத்தும் ஆற்றல் அவள் பேச்சிலேயே இருந்தாக வேண்டும்.

இரண்டாவது, உரையின் வடிவம். ஆலயத்தில் குருவை எவரும் இடைமறிப்பதில்லை. வீட்டிலோ அடுப்பைக் கவனிப்பவளும் குழந்தைக்குப் பாலூட்டுபவளும் இடையிடையே வினவுவர், மறுப்பர், தம் துன்பத்தைச் சொல்வர். எனவே வேதாகமப் பெண்ணின் உரை உரையாடலாகவே அமைய வேண்டியிருந்தது. அவள் முன்னரே ஆயத்தம் செய்த பாடத்தைக் கேட்பவளின் வினாவுக்கேற்ப அங்கேயே மாற்றியாக வேண்டும். மறைநூலைப் பொருள்கொள்ளும் செயல் இதுவே. அதனை வெறும் வாசிப்பு எனக் கூறுதல் செயலின் பாதியை மறைப்பதாகும்.

மூன்றாவது, பாட்டும் எழுத்தும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் மரபில் வந்த கிறித்தவக் கீர்த்தனைகள் தமிழிசையில் அமைந்தவை. மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப்பு 1853ஆம் ஆண்டில் இத்தகைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். எழுத்தறியாதோர் நடுவில் ஒரு கீர்த்தனை நினைவில் தங்கும் அளவுக்கு ஓர் உரை தங்குவதில்லை. போதகி போன பின்னரும் பாட்டு வீட்டில் இருக்கும். எழுத்துக் கற்றவளோ அடுத்த முறை தானே வாசித்துத் தானே பொருள் காண்பாள். ஆக, எழுத்துக் கற்பித்தல் இப்பணியின் இணைப்பு அன்று. உரைப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வைக் காலப்போக்கில் குறைக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது.

இவற்றைத் தொகுத்து நோக்கின், மறைநூற் பகுதியை எடுத்தல், பொருளுரைத்தல், கேட்போர் வாழ்வோடு பொருத்துதல், ஏற்குமாறு அழைத்தல் என அருளுரைக்குரிய கூறுகள் அனைத்தும் வேதாகமப் பெண்ணின் பணியில் உள்ளன. இல்லாதது பீடமும் பெயரும் மட்டுமே.

பெயர் மறுப்பும் அதன் விளைவும்

மிஷன் அறிக்கைகளின் சொல்லாட்சியில் ஒரு பொதுப்போக்கைக் காணலாம். ஆண் பணியாளர் 'பிரசங்கித்தார்' எனப்படுவார். பெண் பணியாளர் 'வாசித்தார்', 'சந்தித்தார்', 'கற்பித்தார்' எனப்படுவார். இப்பாகுபாடு பெண்களுக்கு ஒருவகையில் காப்பாகவும் இருந்தது. பிரசங்கம் எனப் பெயரிட்டிருந்தால் 1 தீமோத்தேயு 2:12 உடனே தடையாக வந்திருக்கும். பெயரை மாற்றியதால் பணி தடையின்றி நடந்தது. இம்மறைப்பு இல்லையேல் இத்தனை பெண்கள் இத்தனை ஊர்களில் பேசியிருக்க இயலாது என்பதையும் ஏற்றாக வேண்டும்.

ஆனால் அக்காப்புக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. முதலில், வேதாகமப் பெண்ணின் பணிநிலை எந்த ஏணியிலும் அமையவில்லை. உபதேசியாராகத் தொடங்கும் ஆண் காலப்போக்கில் குருவாகலாம். சத்தியநாதன் அவ்வாறு ஆனார். வேதாகமப் பெண் எத்தனை ஆண்டு உழைப்பினும் வேதாகமப் பெண்ணாகவே இருப்பாள். அவளுக்கு மேலிருந்த பதவி மிஷனெரிப் பெண்ணுக்குரியது. அதனை அடையத் தடையாக நின்றது பாலினம் அன்று, இனம். இவ்வாறு ஆண்களுக்குக் கீழும் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களுக்குக் கீழுமாக இரட்டைத் தாழ்வில் அவள் நின்றாள். சாதி மூன்றாவது வரம்பாயிற்று. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவளுக்கு உயர்சாதி வீட்டின் வாசல் திறந்தாலும் உள்முற்றம் திறக்கவேண்டும் என்பதில்லை.

அடுத்து, ஆவணம். வேதாகமப் பெண்களைப் பற்றி இன்று கிடைப்பவற்றுள் பெரும்பகுதி அவர்களை மேற்பார்த்த மிஷனெரிப் பெண்கள் தம் நாட்டுக் கொடையாளருக்கு எழுதியவை. அவற்றில் பெயர்கள் சுருங்கியும் திரிந்தும் வருகின்றன. பேச்சு ஆங்கிலமாகி வருகிறது. கொடையாளரை மகிழ்விக்கும் நிகழ்ச்சிகள் மிகுந்தும், தோல்வியும் ஐயமும் பிணக்கும் குறைந்தும் காணப்படுகின்றன.

பெயரோடும் முழு வாழ்வோடும் பதிவான அரிய விதிவிலக்கு பொன்னம்மாள். பாளையங்கோட்டையைச் சார்ந்த இளம் கைம்பெண்ணான அவர், 1896ஆம் ஆண்டில் திருநெல்வேலிப் பகுதிக்கு வந்த ஏமி கார்மைக்கேலோடு இணைந்தார். பண்ணைவிளையை மையமாகக் கொண்டு மாட்டுவண்டியில் ஊர்ஊராகச் சென்ற பெண்கள் குழுவில் அவர் முதன்மையானவர். அக்குழுவினர் நகைகளைக் களைந்தமை அக்காலத்துக் கிறித்தவச் சமூகத்திலேயே சலசலப்பை உண்டாக்கியது. நகை பெண்ணின் குடும்ப மதிப்போடு பிணைந்தது என்பதால் அச்செயல் ஓர் உரைக்கு நிகரான அறிவிப்பாயிற்று. 1901ஆம் ஆண்டுக்குப்பின் டோனாவூரில் குழந்தைகள் காப்புப் பணி வளர்ந்தபோது, நெய்யூரில் கைக்குழந்தைகளைப் பேணும் பொறுப்பைப் பொன்னம்மாள் ஏற்றார். 1915ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வாழ்வை ஏமி கார்மைக்கேல் தனிநூலாகவே எழுதினார்.

பொன்னம்மாளை நாம் அறிவதற்குக் காரணம் அவர் ஆற்றலோடு, ஆற்றல் மிக்க எழுத்தாளர் ஒருவர் அருகிலிருந்தமையும் ஆகும். அவ்வாய்ப்பு அமையாத பெண்கள் அவரினும் குறைந்தவர் எனக் கொள்ளச் சான்றில்லை. மேலும், பொன்னம்மாளின் குரலும் நமக்கு மற்றொருவர் மொழியிலேயே வருகிறது. அவர் தமிழில் எவ்வாறு பேசினார், எந்த உவமைகளை ஆண்டார் என்பவை அந்நூலால் முழுதும் விளங்குவதில்லை.

இங்கு ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். வேதாகமப் பெண்கள் காலனியக் குடும்ப ஒழுக்கத்தையும் விக்டோரியக் காலப் பெண்மைக் கருத்தையும் பரப்பிய கருவிகளே எனக் கூறலாம். இதில் உண்மை உண்டு. தூய்மை, சிக்கனம், நல்ல தாய்மை என்பவை அவர்கள் கற்பித்தவற்றுள் அடங்கும். ஆனால் கற்பித்த பொருளையும் கற்பித்த செயலையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும். வீட்டுக்குள் இருக்குமாறு சொன்ன பாடத்தையும் வீட்டைவிட்டு வெளியே வந்து ஊதியம் பெற்ற ஒரு பெண்ணே சொன்னாள். கேட்டவள் பாடத்தை மட்டும் கேட்கவில்லை, சொன்னவளையும் கண்டாள்.

வேறொரு வழி: இராமாபாய்

மிஷன் அமைப்பின் மேற்பார்வைக்கு வெளியே நின்று பணியாற்றிய பெண்ணை ஒப்பிட்டால் வேதாகமப் பெண்களின் நிலை மேலும் தெளிவாகும். பண்டித இராமாபாய் (1858–1922) மராட்டியப் பகுதியின் கேட்காவ் என்னுமிடத்தில் முக்தி மிஷனை நிறுவினார். 1905ஆம் ஆண்டில் அங்கெழுந்த எழுப்புதலின்போது இளம்பெண்கள் குழுக்களாகச் செபித்தும் வெளியூர் சென்று நற்செய்தி கூறியும் வந்தனர். மறைநூலை மூலமொழிகளிலிருந்து மராத்தியில் பெயர்த்த அவர் பணி, அவர் மறைந்தபின் 1924ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

மறைநூலைப் பொருள்கொள்ளும் உரிமை, அதனை மொழிபெயர்க்கும் உரிமை, நிறுவனத்தை ஆளும் உரிமை மூன்றும் ஒரு பெண்ணிடம் சேர்ந்தபோது அவர் பணி குறிக்கப்படவும் நினைக்கப்படவும் இடம் கிடைத்தது. வடமொழிப் புலமையும் பிறப்பால் வந்த சமூக நிலையும் அவருக்குத் துணைநின்றன. திருநெல்வேலியிலும் மதுரையிலும் மாத ஊதியத்தில் உழைத்த பெண்களுக்கு இம்மூன்று உரிமைகளுள் முதலாவது மட்டுமே, அதுவும் பெயரின்றி, கிட்டியது.

1947க்குப்பின்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பல்வேறு சீர்திருத்தத் திருச்சபைகளை ஒன்றிணைத்த அந்நாளிலும் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்தே பெண்கள் குருக்களாகத் திருநிலை பெற்றனர். 2013ஆம் ஆண்டில் புஷ்பலலிதா நந்தியால் பேராயராகத் திருநிலை பெற்று அத்திருச்சபையின் முதல் பெண் பேராயரானார்.

கத்தோலிக்கத் திருச்சபை வேறொரு முறையில் எல்லை வகுக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 766ஆம் விதி, குறித்த சூழல்களில் பொதுநிலையினர் ஆலயத்தில் போதிக்க இடமளிக்கிறது. 767ஆம் விதி, திருப்பலியில் ஆற்றப்படும் மறையுரையைக் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியதாக்குகிறது. 1994ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை என அறிவித்தார். 2021ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிசு வாசகர், பீடத்துணைவர் என்னும் பணிநிலைகளைப் பெண்களுக்கும் திறந்ததோடு, வேதியர் பணியை முறையான பணிநிலையாகவும் நிறுவினார். நெடுங்காலமாகப் பெண்கள் செய்துவந்த பணிக்குப் பின்னர்ப் பெயர் வழங்கப்பட்டது என்னும் வகையில் இது நம் ஆய்வுப்பொருளோடு நெருங்கியது.

பெண்களுக்கான திருநிலைப்பாடு மேலை நாட்டுப் பெண்ணியக் கருத்தின் இறக்குமதி எனச் சிலர் கருதுவதுண்டு. மேற்கண்ட வரலாறு அக்கருத்தை ஐயத்துக்குரியதாக்குகிறது. தமிழ்நாட்டில் பெண்கள் மறைநூலை விளக்குவது புதிதன்று. அதனைப் பீடத்திலிருந்து செய்வதே புதிது.

ஆய்வுக்குரிய வழிகள்

வேதாகமப் பெண்களின் வரலாற்றை மிஷனெரி அறிக்கைகளுக்கு அப்பாலும் தேட வேண்டும். சபைப் பதிவேடுகளில் திருமுழுக்குச் சாட்சிகளாக வரும் பெண்களின் பெயர்கள், கல்லறைக் கல்வெட்டுகள், ஊதியப் பட்டியல்கள், பயிற்சிப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவுகள், 'நற்போதகம்' போன்ற தமிழ்த் திருச்சபை இதழ்களின் இரங்கற் குறிப்புகள் ஆகியன முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. குடும்பங்களில் வழங்கும் வாய்மொழிச் செய்திகளும் கீர்த்தனை பாடும் மரபுகளும் இவற்றோடு ஒப்பிடத்தக்கன. பாட்டியின் பணியை நேரில் கண்ட தலைமுறை மறைந்து வருவதால் வாய்மொழித் தொகுப்பைப் பிற்படுத்துதல் இயலாது. இப்பதிவேடுகளும் பல ஆலயங்களில் கரையானுக்கும் ஈரத்துக்கும் உட்பட்டுள்ளன.

முடிவுரை

குளோரிந்தா சபையைக் கூட்டினாள்; அமைப்பு வந்ததும் உரை ஆணிடம் சென்றது. வேதாகமப் பெண்கள் உரைத்தனர். அவ்வுரைக்கு வாசிப்பு எனவும் சந்திப்பு எனவும் பெயர் வந்தது. பெயர் மாற்றம் பணியைக் காத்தது, பணியாளரை மறைத்தது. அருளுரை என்பது பீடத்தாலும் பதவியாலும் தீர்மானிக்கப்படுவது எனக் கொண்டால் இப்பெண்கள் திருச்சபை வரலாற்றின் அடிக்குறிப்பில் மட்டுமே நிற்பர். மறைநூலை எடுத்துக் கேட்பவர் வாழ்வோடு பொருத்தி விளக்குவதே அருளுரை எனக் கொண்டால், தென் தமிழகத்தின் பல ஊர்களில் அருளுரையின் வரலாறு அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். எந்த அளவுகோலைக் கொள்வது என்பதை இனி எழுதப்படும் வட்டார, சபை வரலாறுகளே முடிவு செய்யும். அவற்றை எழுதுவோர் குருக்களின் பட்டியலைத் திறக்குமுன் சபையின் ஊதியப் பட்டியலையும் ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும்.